பழைய கார் கொதிக்கிறதா? தண்ணீர் ஊற்றும் முன் இதைப் படியுங்கள்!

மே மாத விடுமுறையில் மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு வழியாகக் குன்னூர் மலைப்பாதையில் ஏறியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கொண்டை ஊசி வளைவு ஒன்றின் ஓரத்தில், பானெட்டைத் திறந்து வைத்தபடி ஒரு பழைய கார் நிற்கும். உள்ளேயிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருக்கும். பாட்டி இறங்கி சாலையோரச் சுவரில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் குரங்குகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்பா மட்டும் ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் துண்டோடு ரேடியேட்டர் மூடியை நோக்கிக் குனிவார்.

அந்தப் பயணத்திலேயே ஆபத்தான நொடி அதுதான். கார் கொதித்ததைவிட, கொதித்த காரின் மூடியைத் திறப்பதுதான் ஆளைக் காயப்படுத்துகிறது.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800, 2014 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. அம்பாசிடரும் அதே 2014-ல்தான் நின்றுபோனது. ஆனாலும் ‘அப்பா வாங்கிய முதல் கார்’ என்ற பாசத்தாலோ, புதிய கார் வாங்கும் அளவுக்கு வசதி வராததாலோ, இந்த வயதுள்ள கார்கள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்கு வரும் பொதுவான நோய் ‘ஓவர்ஹீட்’. அதற்குப் பெரும்பாலானோர் செய்யும் ஒரே வைத்தியம், தண்ணீர் ஊற்றுவது. சிக்கல் ஆரம்பிப்பதே அங்குதான்.

தண்ணீர் எங்கே போனது?

இன்ஜினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காரை ஓட்டுகிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பம். அதில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. இன்னொரு பங்கைத் தண்ணீரும் கூலன்ட்டும்தான் சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோகின்றன. அங்கே காற்றுப் பட்டு ஆறியதும் திரும்ப இன்ஜினுக்கே வருகின்றன.

இது ஒரு மூடிய சுற்று. பெட்ரோல் போல இதில் எதுவும் செலவாவதில்லை. அதனால் வாரம் ஒருமுறை அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தால், ‘பழைய வண்டி, குடிக்கத்தான் செய்யும்’ என்று விட்டுவிடக் கூடாது. அது எங்கோ ஒழுகுகிறது, அல்லது இன்ஜினுக்குள்ளேயே போகிறது. எங்கே என்று கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும்.

முள் ஏறினால் முதல் ஐந்து நிமிடம்

டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி மேலே ஏறுகிறதா? முதலில் ஏ.சி-யை நிறுத்துங்கள். காரில் ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போட்டு ஜன்னல்களை இறக்கிவிடுங்கள். வெயிலில் ஹீட்டரா என்று தோன்றும். ஆனால், ஹீட்டருக்குள்ளும் இன்ஜினின் சுடுதண்ணீர்தான் ஓடுகிறது. அந்தச் சில நிமிடங்களுக்கு அது இன்னொரு குட்டி ரேடியேட்டராக வேலை செய்யும்.

அப்படியும் முள் இறங்கவில்லை, அல்லது ஆவி வருகிறது என்றால், பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டரில் மெக்கானிக் ஷெட் இருக்கு’ என்று ஓட்டுவதுதான் பல இன்ஜின்களைக் காவு வாங்கியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மேலே போன முள் திடீரென்று தானாகக் கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் மொத்தமும் வெளியேறி, சென்சாரைத் தொடத் தண்ணீரே இல்லை என்றாலும் முள் இறங்கும்.

மூடியைத் தொடாதீர்கள்

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. குக்கர் வெயிட் செய்யும் வேலையை அது செய்கிறது. பல கார்களில் இந்த மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, கிட்டத்தட்ட 118 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடுகிறது. 110 டிகிரியில் இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி அப்படியே ஆவியாக மாறி, மீதியையும் தள்ளிக்கொண்டு முகத்துக்கு நேராகப் பீறிடும். கையில் வைத்திருக்கும் துண்டு அதைத் தடுக்காது.

குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸை எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். சூடு ஆறி, அமுக்கினால் விறைப்பில்லாமல் இருந்தால் மட்டுமே மூடியைத் திறக்கலாம். அப்போதும் முதலில் கால் சுற்று மட்டும் திருப்பி, மிச்ச அழுத்தம் வெளியேறிய பிறகு முழுதாகத் திறக்க வேண்டும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ‘மடமட’வென்று ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். இன்ஜின் ஆறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

யாருக்காவது கொதிநீர் பட்டுவிட்டால், அந்த இடத்தில் சாதாரணத் தண்ணீரை 20 நிமிடங்கள் ஊற்றிக்கொண்டே இருங்கள். பேஸ்ட், இங்க், வெண்ணெய் எதுவும் தடவாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

எப்போது கொதிக்கிறது? அதுதான் துப்பு

மெக்கானிக்கிடம் ‘வண்டி சூடாகுது’ என்று மட்டும் சொன்னால் போதாது. எப்போது சூடாகிறது என்பதைச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

* டிராஃபிக்கில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கினால் இறங்குகிறதா? ஃபேன்தான் முதல் சந்தேகம். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது ஃபேன் மட்டுமே கதி. ஃபியூஸ், ரிலே, ஃபேன் ஸ்விட்ச், ஃபேன் மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

* சிட்டியில் சரியாக இருந்து, ஹைவேயிலும் மலையிலும் ஏறுகிறதா? ரேடியேட்டருக்குள் உப்பும் துருவும் படிந்து அடைத்திருக்கலாம். வெளிப்பக்கம் தூசியும் பூச்சிகளும் அப்பியிருக்கலாம்.

* ஏ.சி போட்டால் மட்டும் ஏறுகிறதா? ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏ.சி கண்டென்சர் அழுக்கடைந்திருக்கலாம். ரேடியேட்டரே பலமிழந்திருந்தாலும், ஏ.சி போடும்போதுதான் அது வெளியில் தெரியும்.

* கிளம்பிய சில நிமிடங்களிலேயே ஏறுகிறதா? தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம். அல்லது தண்ணீர் ஏற்கெனவே மிகக் குறைவாக இருக்கலாம்.

* பேட்டரி விளக்கு எரிந்து, கூடவே முள்ளும் ஏறுகிறதா? ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். பல பழைய கார்களில் ஆல்டர்நேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றும். அது அறுந்தால் இரண்டும் நின்றுவிடும்.

சின்ன பாகங்கள், பெரிய செலவு

பழைய காரில் முதலில் உயிரை விடுவது ரப்பர். ரேடியேட்டரின் மேலும் கீழும் இருக்கும் ஹோஸ்கள் வருடக்கணக்கில் சூட்டில் வெந்து, ஒன்று கல் போல விறைக்கும் அல்லது கொழகொழவென்று உப்பும். இன்ஜின் ஆறியிருக்கும்போது விரலால் அமுக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கிளிப் மாட்டிய இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு இருந்தால், அங்கே ஒழுகிக் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது மூடி. அதன் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துபோனால் அழுத்தம் நிற்காது. மலையில் இது இரட்டைச் சிக்கல். உயரம் கூடக் கூடத் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். ஊட்டி சுமார் 2,200 மீட்டர். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி சரியில்லாத கார், சமவெளியில் சமாளித்துவிட்டு மலையில் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூடியின் இன்னொரு வேலை, இன்ஜின் ஆறும்போது பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து தண்ணீரைத் திரும்ப ரேடியேட்டருக்குள் இழுத்துக்கொள்ள வழிவிடுவது. அந்த வால்வு சிக்கிக்கொண்டால், பாட்டில் நிறைந்திருக்கும். ரேடியேட்டர் காலியாக இருக்கும். ஆகவே, பாட்டிலை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டரையே திறந்து பாருங்கள். ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கிடந்தாலும் மூடியை மாற்ற வேண்டும்.

வாட்டர் பம்ப் பழுதானால் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். பெல்ட் பக்கமிருந்து ‘கரகர’ சத்தம் வரும், அல்லது பம்ப்புக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகும்.

‘கழற்றிப் போட்டுட்டா பிரச்னை இல்ல சார்’

பல ஷெட்களில் கேட்கும் வாசகம் இது. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னக் கதவு. பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். அதுவரை தண்ணீரை இன்ஜினுக்குள்ளேயே சுற்றவிட்டு, சீக்கிரம் சூடாக உதவும். இதைக் கழற்றி எறிந்தால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் அதிகம். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, மறுபடியும் கொதிக்கும். புதிய தெர்மோஸ்டாட் விலை உயர்ந்த பொருள் அல்ல. மாற்றிவிடுவதே சரி.

ஃபேனை ‘டைரக்ட்’ கொடுப்பதும் இதே போன்ற குறுக்கு வழிதான். ஃபேன் ஸ்விட்ச் போய்விட்டால், டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து, ‘வேணும்போது போட்டுக்கங்க’ என்பார்கள். வழக்கமாக ஓட்டுபவருக்கு நினைவிருக்கும். அவசரத்துக்குக் காரை எடுத்துச் செல்லும் தம்பிக்கோ மகளுக்கோ அப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே தெரியாது.

போர் தண்ணீர் வேண்டாம்

மோட்டாரைப் போட்டதும் வரும் போர் தண்ணீரில் உப்பு அதிகம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். வழியில் அவசரத்துக்கு எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம். வீட்டுக்கு வந்ததும் அதை இறக்கிவிட்டு, டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட்டை நிரப்பிவிடுங்கள். தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி என்பது பொதுவான அளவு. ‘ரெடி டு யூஸ்’ கூலன்ட் என்றால் தண்ணீரே கலக்கக் கூடாது. நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மேனுவலில் சொல்லியிருக்கும் வகையைப் பாருங்கள். பழைய பச்சை வகை கூலன்ட்டை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

ஒழுகலை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடும் பழக்கமும் இருக்கிறது. ஓட்டையை அடைக்கும் தூள், மற்ற குழாய்களையும் அடைக்கும் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்று, கூலன்ட் இனிப்பாக இருக்கும் விஷம். இறக்கிய கூலன்ட்டை வாசலில் ஊற்றினால் நாய், பூனை நக்கிவிடும். குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில், பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

இந்த அறிகுறி இருந்தால் ஓட்டாதீர்கள்

வெளியில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது என்றால், ஹெட் கேஸ்கட் மீது சந்தேகம் வர வேண்டும். சைலன்சரில் விடாமல் வெண்புகை வருவது, இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழ் வருவது, ஆயில் மூடியைத் திறந்தால் பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழப்பு இருப்பது - இவற்றில் எது இருந்தாலும் காரை இழுத்துக்கொண்டுதான் ஷெட்டுக்குப் போக வேண்டும். அலுமினிய ஹெட் ஒருமுறை கடுமையாகச் சூடானாலே வளைந்துவிடலாம். அதை லேத் பட்டறையில் சமன்படுத்தி, புதிய கேஸ்கட் போட்டுத்தான் பூட்ட வேண்டும். கேஸ்கட்டை மட்டும் மாற்றி, ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் சில மாதங்களில் அதே வேலை மீண்டும் வரும்.

மலையேறும் முன்...

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே, குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் தண்ணீர், மூடி, ஹோஸ், பெல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். காரை நிறுத்திய நிலையில் இன்ஜினை ஓடவிட்டு, ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். இரவு நிறுத்தும் இடத்தில் ஓர் அட்டையை விரித்து வைத்தால், காலையில் ஒழுகல் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். டிக்கியில் 5 லிட்டர் தண்ணீர், ஒரு பெல்ட், இரண்டு ஹோஸ் கிளிப், ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கட்டும்.

ஏறும்போது பெரிய கியரில் இன்ஜினைத் திணறவிடாதீர்கள். இரண்டாவது கியரில் சீராக ஏறினால் வாட்டர் பம்ப்பும் வேகமாகச் சுற்றி, தண்ணீர் நன்றாக ஓடும். வழியில் டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் முள்ளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில், ரேடியேட்டரைத் திறந்து மீண்டும் ஒருமுறை பாருங்கள். கிளம்பும்போது இருந்த அளவு அப்படியே இருந்தால் கவலை இல்லை. குறைந்திருந்தால், பாட்டிலைத் தேடும் முன், தண்ணீர் எங்கே போனது என்று தேடுங்கள்.