அப்புத்தளை மலையில் நத்தார்ப் பாட்டும் படமும்

மார்கழி பிறந்துவிட்டால் அப்புத்தளைக்குத் தனியொரு கோலம் வந்துவிடுகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், ஒரு புறம் ஊவாவின் தேயிலை மலைகளையும் மறு புறம் தென்னிலங்கையின் சமவெளியையும் நோக்கி நிற்கும் சிறு பட்டினம் அது. பிற்பகலானதும் பள்ளத்தாக்கிலிருந்து எழும் மூடுபனி கடைத்தெருவுக்குள் புகுந்து, புகையிரத நிலையத்தை மறைத்து, தோட்டத்து லயங்களின் கூரைகள்மீது படிந்துவிடும். அந்தப் பனியினூடே இராக் காலத்தில் டோலக்கின் ஒலியும் கைத்தாளமும் கேட்கும். விளக்கேந்திய இளைஞரும் சிறுவரும் மேட்டு லயத்திலிருந்து பணிய லயத்துக்கு இறங்கி, வாசல் வாசலாக நின்று நத்தார்க் கீதங்களைப் பாடுவர். அவர்கள் பாடிச் சென்ற சில மணி நேரத்துக்குள், விடியுமுன்னரே, சங்கொலியோடு திருவெம்பாவைப் பஜனைக் கூட்டம் அதே வழியில் வரும். கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் குழந்தை, எந்தப் பாட்டு எந்தச் சமயத்தாருடையது என்று பிரித்தறிவதில்லை. மார்கழியென்றால் பாட்டு என்று மட்டுமே அது அறியும்.

விடுமுறைக் காலத்தில் நாம் பாட்டுக் கேட்கிறோம், படம் பார்க்கிறோம். பொழுது இனிமையாகக் கழிகிறது. ஆயினும் உலகமெங்கும் நத்தாரைச் சுற்றி எழுந்த பாட்டுக்களையும் படங்களையும் சற்று உற்று நோக்கினால், அவற்றுட் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியே பேசுவதைக் காணலாம். அந்தப் பொருள் வீடு. தங்க ஓரிடம் தேடிய தாயும் தந்தையும், சத்திரத்தில் இடமில்லாமையால் மாட்டுக் கொட்டிலிற் பிறந்த பாலன் என்று தொடங்கும் கதையல்லவா அது? அக்கதையை மலைநாட்டுத் தமிழரைப் போல் உணரக்கூடியவர் வேறு யார்?

பாட்டு வந்த பாதை

‘நத்தார்’ என்ற சொல்லே தொலைவிலிருந்து வந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பிறந்தது அது. சொல் மேற்கிலிருந்து கப்பலில் வந்ததென்றால், பாட்டு தஞ்சையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கால்நடையாக வந்தது எனலாம். 1774 முதல் 1864 வரை வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், தஞ்சை சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்ற புலவர். கிறிஸ்தவ பக்தியைக் கர்நாடக இராகங்களில் அமைத்துக் கீர்த்தனைகளாகப் பாடினார். தமிழ்க் குறவஞ்சி மரபில் ‘பெத்லகேம் குறவஞ்சி’யையும் இயற்றினார். ஐரோப்பிய மெட்டுக்களை மொழிபெயர்த்துப் பாடிய காலத்திலேயே, தமிழனின் பக்தி தமிழிசையில் ஒலிக்க வேண்டும் என்று நிலைநாட்டியவர் அவர்.

கோப்பித் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்தோரிற் சிலர் இக் கீர்த்தனைகளையும் உடன் கொணர்ந்தனர். 1854 ஆம் ஆண்டில், தோட்டத் தொழிலாளரிடையே சமயப் பணி செய்வதற்கென்று ஓர் அங்கிலிக்கன் அமைப்பு தோன்றியது. அதன் பெயரிலேயே ‘தமிழ்க் கூலி’ என்ற சொற்கள் இருந்தன. மனிதனைக் கூலியென்று அழைத்த அக்காலத்தில், அம்மனிதன் பாடிய பாட்டு மட்டும் எவருக்கும் கூலியாக இருக்கவில்லை. எழுதப் படிக்க அறியாத பலருக்கு நெஞ்சமே பாட்டுப் புத்தகமாக இருந்தது. தாய் பாட, மகள் கேட்டு, அவள் பாட, அவள் பிள்ளை கேட்டு, இவ்வாறே பாட்டுக்கள் வாழ்ந்தன.

அப்புத்தளையிலுள்ள அங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த புனித அந்திரேயர் ஆலயம் 1869 ஆம் ஆண்டில் எழுந்தது. ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் கோப்பிச் செடியின் இலைகளைத் தின்ற துரு நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் அதே ஆண்டில்தான். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1893 இல் புகையிரதப் பாதை அப்புத்தளையை அடைந்தது. தோட்டத்திற் பயிர் மாறியது, பாட்டு மாறவில்லை.

எளிய இடத்திற் பிறந்த கீதம்

‘எங்கள் லயத்துப் பாட்டு என்ன பெரிய பாட்டு?’ என்று மாணவர் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். அமைதியான இரவைப் பற்றிய, இன்று உலகமெங்கும் பாடப்படும் அந்த ஜேர்மன் மொழிக் கீதம் எங்கே பிறந்தது? ஆஸ்திரியாவில் ஒபேர்ண்டோர்ஃப் என்னும் சிற்றூரில், 1818 டிசம்பர் 24 ஆம் திகதி இரவில் அது முதன்முதல் பாடப்பட்டது. கவியை எழுதிய ஜோசப் மோர் ஓர் உதவிக் குரு. இசை அமைத்த ஃபிரான்ஸ் குரூபர் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர். அன்றிரவு அவர்களுக்குத் துணையாக இருந்த வாத்தியம் ஒரேயொரு கிட்டார். மாளிகையில் அன்று, ஏழைப் படகோட்டிகள் வழிபட்ட ஆலயத்தில். பெரிய பாட்டுக்குப் பெரிய மண்டபம் வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வீட்டை நினைத்தவர்கள்

அப்புத்தளையிலும் ஒரு கவிஞரின் நினைவு உறைகின்றது. கண்டி திரித்துவக் கல்லூரியின் உப அதிபராக விளங்கிய வால்ட்டர் ஸ்டான்லி சீனியர், இலங்கையைத் தம் தாயகம் போல் நேசித்த ஆங்கிலேயர். 1938 இல் இங்கிலாந்தில் அவர் மறைந்தபின், அவரது அஸ்தி அப்புத்தளை புனித அந்திரேயர் ஆலய வளவில் வைக்கப்பட்டது. இலங்கைக்காக அவர் எழுதிய பிரார்த்தனைக் கீதத்துக்குப் பின்னாளில் தேவார் சூரியசேனா இந்நாட்டு மெட்டில் இசை அமைத்தார். ஆங்கிலச் சொல்லும் இம்மண்ணின் இசையைத் தேடி வந்த கதை அது.

பட்டினத்துக்குச் சற்றுத் தொலைவில் அடிஷாம் மாளிகை உள்ளது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்னும் செல்வந்தர் 1931 இல் கட்டிய கருங்கல் மாளிகை. இன்று பெனடிக்ற் சபைத் துறவியரின் மடம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள, தாம் பிறந்த கிராமத்தின் பெயரையே அவர் அம்மாளிகைக்கு இட்டார். அத்துணைச் செல்வமும் அதிகாரமும் படைத்தவருக்கும் பிறந்த மண்ணின் ஏக்கம் விடவில்லை போலும்!

வெண்பனி பெய்யும் நத்தாரைக் கனவு காணும் ஆங்கிலப் பாட்டொன்றை வானொலியிற் கேளாதவர் அரிது. அதனை எழுதியவர் இர்விங் பெர்லின். உருசியப் பேரரசில் பிறந்து, சிறு பிள்ளையாக அமெரிக்காவிற் குடியேறிய யூதர். கிறிஸ்தவரல்லாத ஒருவரே உலகம் கொண்டாடும் நத்தார்ப் பாட்டை எழுதினார் என்பது கருதத் தக்கது. 1942 இல் பிங் கிறொஸ்பியின் குரலில் அது வெளிவந்தபோது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. வீட்டையும் உற்றாரையும் பிரிந்து போர்முனையில் நின்ற வீரர் அதனை விரும்பி விரும்பிக் கேட்டனர். அப்புத்தளையில் வெண்பனி பெய்வதில்லை. ஆயினும் கொழும்பிலே கடையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்து, டிசம்பர் இறுதியில் மட்டும் ஊர் திரும்பும் தோட்டத்து இளைஞனுக்கு அப்பாட்டின் பொருள் விளங்கும். பனி நமதன்று, ஏக்கம் நமது.

திரையிலே கண்ட வீடு

இனிப் படத்துக்கு வருவோம். ‘ஞானசௌந்தரி’ என்ற கதையை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். 1948 ஆம் ஆண்டில் சிட்டாடல் நிறுவனமும் ஜெமினி நிறுவனமும் அக்கதையைத் தனித்தனியே படமாக்கின, டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்த சிட்டாடல் படமே மக்கள் மனத்தில் நிலைத்தது. சிற்றன்னையின் சூழ்ச்சியால் வீட்டை இழந்து, கைகளையும் இழந்து, காட்டில் விடப்பட்ட பெண்ணுக்குத் தேவமாதா துணை நின்ற கதை அது. அதே 1948 இல்தான் இந்நாட்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. குற்றமின்றித் துரத்தப்பட்ட ஒரு பெண்ணின் கண்ணீரைத் திரையிற் கண்ட தோட்டத்துத் தாய்மார், அதிலே தம் கண்ணீரையும் சேர்த்திருப்பர் என்றால் வியப்பில்லை.

பின்னர் 1979 இல் தொலைக்காட்சி நாட்டுக்கு வந்தது. 1982 இல் ரூபவாஹினி தொடங்கியது. வெளிநாட்டு நத்தார்ப் படங்கள் வீட்டுக்குள்ளே வரலாயின. அவற்றுள் ஒன்றைக் குடும்பத்தோடு காணுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்வோம். ஃபிராங் காப்ரா 1946 இல் இயக்கி, ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ என்பதே அது. வெளிவந்த காலத்தில் அப்படம் போட்ட முதலைக் கூட ஈட்டவில்லை. 1974 இல் அதன் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாது போகவே, தொலைக்காட்சி நிலையங்கள் ஆண்டுதோறும் டிசம்பரில் அதனைக் காட்டின; படமும் புகழ் பெற்றது.

கதைத் தலைவன் ஜோர்ஜ் பெய்லி உலகைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டவன். ஊரைவிட்டு நகர முடியாமற் போனவன். அவன் செய்த வேலை யாது? வாடகைக் குடிசைகளில் முடங்கிக் கிடந்த ஏழைகளுக்குச் சிறு கடன் கொடுத்து, சொந்த வீடு கட்ட உதவியதே. வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் புது வீட்டில் அடியெடுத்து வைக்கும்போது, ஜோர்ஜும் மனைவியும் ரொட்டியும் உப்பும் திராட்சை இரசமும் கொண்டு சென்று வாழ்த்துகின்றனர். புது வீட்டுக்கு முதலில் உப்பும் மஞ்சளும் கொண்டு செல்லும் நம் தாய்மார் அக்காட்சியைக் கண்டால் புன்னகை செய்யாதிருப்பரோ? ஒரு நத்தாருக்கு முந்திய இரவில் பெரும் பணம் தொலைந்து, உயிரையே விடத் துணிகிறான் ஜோர்ஜ். அவன் பிறவாதிருந்தால் அவ்வூர் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தேவதூதன் காட்டுகிறான். இறுதியில் அவன் உதவிய அயலார் எல்லாரும் தத்தம் கையிலிருந்ததைக் கொண்டு வந்து குவிக்கின்றனர்.

இப்படத்தை லயத்துக் காம்பராவில் இருந்து பார்ப்பவருக்கு அது வேறொரு படம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் நாம். அப்புத்தளைக்கு அண்மையில், கொஸ்லாந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பெற்றோரையும் பிள்ளைகளையும் இழந்து தப்பியவர்கள் அந்த மார்கழியையும் அடுத்த மார்கழியையும் தற்காலிக இருப்பிடங்களிற் கழித்தனர். 2016 இலேயே அவர்களுக்குப் புதிய வீடுகள் கிடைத்தன. வீடு என்பது திரைக்கதையன்று, உயிர். ஆகவே படம் முடிந்ததும் எழுந்து போய்விடாமல், பிள்ளைகளோடு சற்றுப் பேசியிருங்கள். ‘நமக்கு ஒரு துண்டு நிலமும் ஒரு வீடும் ஏன் வேண்டும்?’ என்று அவர்களைக் கேளுங்கள். அந்தப் பேச்சு படத்தினும் சுவையானதாக அமையலாம்.

ஒரு சரணம் தொலைந்தது

சென்ற ஆண்டு ஒளிவிழாக் காலத்தில், அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மூதாட்டி ஒருவரைக் கண்டோம். எழுத்தறியாதவர், கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்கள். பேரனின் வேண்டுகோளுக்கு இணங்கி, இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒரு பழைய கீர்த்தனையைப் பாடினார். இரண்டு சரணம் தடையின்றி வந்தது. அப்பால் நின்றுவிட்டார்.

“ஏன் அப்பாயி, மறந்துபோச்சா?” என்றான் பேரன்.

“மறக்கல ராசா. அடுத்த அடி எப்பவும் தங்கச்சிதான் எடுப்பா. நான் பின்னால சேர்ந்துக்குவேன். அவ கப்பலேறிப் போனப்புறம் அது எனக்கு வரவேயில்ல” என்றார்.

1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக் கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்பிற்று. தலைமன்னாரிற் கப்பலேறியவர்களோடு எத்தனை பாட்டுக்களின் எத்தனை சரணங்கள் போயினவோ! அப்பேரன் பாட்டியின் குரலைக் கைப்பேசியிற் பதிந்து, நீலகிரி கோத்தகிரியிலுள்ள உறவினருக்கு அனுப்பியிருந்தான். நாம் விடைபெறும்வரை பதில் வரவில்லை. ‘வரும்’ என்றே அவன் நம்பினான்.

மாணவச் செல்வங்களே! உங்கள் விடுமுறைக்கு இதனினும் நல்ல வேலையொன்றை நாம் அறியோம். ஆளுக்கொரு கைப்பேசியும் ஆளுக்கொரு திரையுமாக ஒரே அறையில் நால்வர் நால்திசை நோக்கியிருப்பது விடுமுறையன்று. ஒரு மாலையேனும் லயத்துச் சுவரில் வெள்ளைத் துணியொன்றைக் கட்டி, அயலாரையும் அழைத்து, ஒரே படத்தை எல்லாரும் கூடிப் பாருங்கள். பிறமொழிக் கீதங்களை விருப்பத்தோடு கேளுங்கள், குறையில்லை. அத்துடன் உங்கள் வீட்டு முதியோர் ஒருவரிடம் போய் அமர்ந்து, அவருக்குத் தெரிந்த பாட்டொன்றை எழுதிக்கொள்ளுங்கள்; குரலையும் பதிந்து வையுங்கள். அது நத்தார்க் கீர்த்தனையாகட்டும், மாரியம்மன் தாலாட்டாகட்டும், தெம்மாங்காகட்டும்; எல்லாம் நம் செல்வமே.

பாட்டுக்காரர் இவ்வாண்டும் பனியினூடே வருவர். எந்த மதத்தினராயினும் கதவைத் திறந்து, குளிரில் நிற்கும் சிறுவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுங்கள். சத்திரத்தில் இடமில்லை என்ற கதைக்கு, ‘எங்கள் லயத்தில் இடமுண்டு’ என்று நாம் சொல்லக்கூடிய மறுமொழி அதுவே.

வாசகர் யாவர்க்கும் நத்தார் வாழ்த்துக்கள்!