வெசாக் பெருநாளும் விருந்தோம்பலும்

தம் மதத்து விழாவைக் கொண்டாடுவது எவருக்கும் எளிது. அயலார் கொண்டாடும் விழாவில் நமக்கு என்ன இடம்? பல இனத்தவரும் பல மதத்தவரும் வாழும் இலங்கையின் வெசாக் பெருநாளைப் பற்றிக் கேட்டபோது இக்கேள்வி எங்களுக்குள் எழுந்தது.

வெசாக் என்றால் என்ன?

வைசாகம் என்னும் மாதப் பெயரிலிருந்து வந்தது வெசாக். நம் வைகாசியும் அவ்வழி வந்ததே. புத்தர் பிறந்ததும், ஞானம் பெற்றதும், பரிநிர்வாணம் அடைந்ததும் இம்மாதத்துப் பௌர்ணமியன்றே என்று இலங்கைப் பௌத்தர் நம்புகின்றனர். அங்கு இதற்கு இரண்டு நாள் விடுமுறை. இறைச்சிக் கடைகளும் மதுக் கடைகளும் மூடப்படும். பக்தர்கள் வெள்ளாடை உடுத்தி விகாரைகளில் நோன்பிருப்பர். வீடுதோறும் மூங்கில் குச்சியாலும் வண்ணத்தாளாலும் செய்த வெசாக் கூடுகள் ஒளிரும். கிறிஸ்துமஸுக்கு நாம் செய்யும் நட்சத்திரங்களை இவை நினைவூட்டும். மின்விளக்குகளால் ஒளிரும் உயர்ந்த தோரணங்கள் புத்தரின் முற்பிறவிக் கதைகளைக் காட்டும்.

பூசலுக்குப் பின் வந்த விடுமுறை

இவ்விடுமுறையின் வரலாறு நாம் அறிய வேண்டியது. 1883 மார்ச் 25, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொட்டாஞ்சேனையில் பௌத்தர் ஊர்வலத்தின்போது அவர்களுக்கும் கத்தோலிக்கருக்கும் கலவரம் மூண்டது. அதன்பின் பௌத்தர் சார்பில் கர்னல் ஆல்காட் 1884ல் லண்டன் சென்று முறையிட்டார். 1885ல் வெசாக் நாளை ஆங்கில அரசு விடுமுறையாக்கியது. பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல் அறிவித்ததை இங்கு நினைத்துக் கொண்டோம்.

அயலவர் ஒருவரின் அனுபவம்

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை பின்னலாடைத் தொழில் நிமித்தம் கொழும்பில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். முதல் வெசாக்கன்று அவர் உண்ணும் மெஸ் மூடிவிட்டது. சிங்களமும் தெரியாது. இரவு பசியோடு வீதியில் நடந்தவர், ஓரிடத்தில் நீண்ட வரிசையைக் கண்டார். அது ‘தன்சல்’ என்னும் அன்னதானப் பந்தல். பௌத்தருக்கு மட்டுமே என்று எண்ணி ஒதுங்கி நின்றார். வெள்ளாடை அணிந்த சிறுவன் ஒருவன் கையைப் பற்றி அழைத்துச் சென்று சோறு கொடுத்தான். இவர் பணத்தை நீட்ட, அங்கிருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே மறுத்தார். பெயரோ மதமோ எவரும் கேட்கவில்லை.

இதைக் கேட்டதும் எங்களுக்கு மணிமேகலை நினைவுக்கு வந்தாள். சாத்தனார் காவியத்தில் அமுதசுரபி அவள் கைக்கு வந்தது வைகாசியில், புத்தர் பிறந்த நாளில் அன்றோ! பாத்திரம் கிடைத்ததும் அவள் செய்த வேலை பசித்தோருக்குச் சோறிட்டதே. ஆகவே தன்சல் தமிழருக்குப் புதியதன்று. நாம் மறந்துவிட்டோம், அவ்வளவே.

நம் ஊரில்

தோழியின் தந்தை இறுதியில் ஒன்று சொன்னார்: “நம்ம கம்பெனியில இத்தனை வருசமா ஒடிசாக்காரங்க வேலை பார்க்கறாங்க. அவங்களுக்கு நோம்பி எப்பன்னு நான் ஒருநாளும் கேட்டதில்லையே, கண்ணு!”

நாங்களும் கேட்டதில்லை. பனியன் கம்பெனிகளில் தைப்பவர்களும் மடிப்பவர்களும் எங்கள் தெருக்களிலேயே குடியிருக்கின்றனர். ‘வடக்கத்தியார்’ என்ற ஒரே பெயரில் அவர்கள் அனைவரையும் அடக்கிவிட்டோம். மறுநாள் மாலை தயக்கத்தோடு, எங்கள் தெருவில் தங்கியிருக்கும் ஒடிசா அக்கா ஒருவரிடம் கேட்டோம். அவர் முகம் மலர்ந்தது. ஜூன் மாதத்தில் ‘ரஜ’ என்றொரு பண்டிகையாம். மூன்று நாள் பூமித்தாய்க்கு ஓய்வாம். பெண்கள் வேலை செய்யாமல் ஊஞ்சல் ஆடுவார்களாம். இங்கு வந்தபின் ஊஞ்சல் ஆடவில்லை என்றார்.

நம் கொங்கு நாட்டிலும் ஆடி நோம்பிக்கு ஊஞ்சல் கட்டுவது உண்டே! வரும் ஜூன் மாதத்தில் எங்கள் தெரு வேப்பமரத்தில் முன்னதாகவே ஒன்று கட்டுவதென்று முடிவு செய்திருக்கிறோம். முதலில் ஆடப்போவது அந்த அக்காதான்.