வெளி கரண்ட் முடிஞ்சாச்சு, உள் கரண்ட் எதுக்கு?

கோரிமேட்டில் ஜிப்மர் வாசலில் நிற்கிற பஸ்களில் ஏறிப் பாருங்கள். விழுப்புரம், திண்டிவனம், கடலூர் என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து போகிறவர்கள் இருப்பார்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கிறவர்கள் பெரும்பாலும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. “கரண்ட் வைக்கிறாங்க” என்றுதான் சொல்வார்கள். வெளியே இருந்து மெஷின் கொடுப்பது வெளி கரண்ட். உடம்புக்குள்ளே குழாய் வைத்துக் கொடுப்பது உள் கரண்ட்.

இதில் மின்சாரம் எதுவும் இல்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் மக்களே வைத்துக்கொண்ட இந்தப் பெயர்கள் தெளிவாக இருப்பதால், இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்கிறோம். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் உள் கரண்டுக்கு ‘பிராக்கிதெரபி’ என்று இருக்கும். ‘பிராக்கி’ என்றால் கிரேக்க மொழியில் ‘குறுகிய’ என்று அர்த்தம். குறுகிய தூரத்திலிருந்து கொடுக்கும் சிகிச்சை என்பதால் இந்தப் பெயர்.

நம் ஊரில் இந்த சிகிச்சை அதிகம் தேவைப்படுவது கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-ம் ஆண்டுக்குப் போட்ட கணக்குப்படி, இந்தியாவில் ஒரே ஆண்டில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்திருக்கிறது. சுமார் 80 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக நம் நாட்டுப் பெண்களைத் தாக்குவது இதுதான். நோய் சற்று முற்றிய நிலையில் வருகிறவர்களுக்கு அறுவை சிகிச்சையைவிட கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்த சிகிச்சைதான் முக்கியம். சுமார் ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் வெளி கரண்ட். கூடவே வாரம் ஒரு முறை கீமோ. அதற்குப் பிறகு உள் கரண்ட்.

சிக்கல் இந்த ‘அதற்குப் பிறகு’வில்தான் வருகிறது.

வெளி கரண்ட் பாதியைத் தாண்டும்போதே பலருக்கு ரத்தப்போக்கு நின்றுவிடும், வலியும் குறையும். ‘உடம்பு சரியாயிடுச்சு’ என்று தோன்றும். இன்னொரு பக்கம் ஐந்து வாரம் அலைந்த களைப்பு, கைச்செலவு, வீட்டில் பிள்ளைகள். உள்ளே குழாய் வைப்பார்கள் என்று வார்டில் யாரோ சொன்னது கேட்டு பயமும் வெட்கமும் சேர்ந்துகொள்ளும். “அதான் நல்லாயிட்டேனே, அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று ஊருக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும், அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் மகன், மகள், மருமகளுக்காகவும்தான்.

பாதி சிகிச்சை ஏன் போதாது?

வெளி கரண்ட் தோல், குடல், சிறுநீர்ப்பை எல்லாவற்றையும் கடந்துதான் கட்டிக்குப் போகிறது. அதனால் ஓர் அளவுக்கு மேல் கொடுக்க முடியாது. கதிர்வீச்சை ‘கிரே’ என்ற அலகில் அளக்கிறார்கள். வெளி கரண்டில் பொதுவாக 45 முதல் 50 கிரே கொடுப்பார்கள். ஆனால் கருப்பை வாயில் இருக்கும் கட்டி முழுசாக அழிய 80 கிரேக்கு மேல் தேவை. அந்த மிச்சத்தையும் வெளியிலிருந்தே கொடுத்தால் குடலும் சிறுநீர்ப்பையும் தாங்காது.

உள் கரண்டில் கதிர்வீச்சுப் பொருளையே கட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். குத்துவிளக்குச் சுடருக்குப் பக்கத்தில் விரலை நீட்டினால் சுடும், ஒரு சாண் தள்ளினால் ஒன்றும் தெரியாது, இல்லையா? கிட்டத்தட்ட அதே கதைதான். தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் வலு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறையும். நாலு மடங்கானால் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே கட்டி முழு அடியையும் வாங்கும், சற்றுத் தள்ளியிருக்கும் குடல் தப்பிக்கும்.

“இப்பத்தான் பெரிய பெரிய மெஷின் வந்திருக்கே, உள்ளே குழாய் வைக்காம வெளியிலிருந்தே குறிபார்த்துக் கொடுக்கக் கூடாதா?” நியாயமான கேள்வி. அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உள் கரண்ட் எடுக்க முடியாத நிலையில் இருந்தவர்களுக்கு, அதற்குப் பதிலாக நவீன வெளிக் கதிர்வீச்சைக் குவித்துக் கொடுக்கும் சிறிய ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. கடுமையான பக்க விளைவுகள் வந்ததால் 15 பேரோடு நிறுத்திவிட்டார்கள்.

அமெரிக்காவிலேயே நடந்த இன்னொரு ஆய்வு 2013-ல் வெளியானது. 7,359 பெண்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 1988-ல் 83 சதவீதம் பேர் உள் கரண்ட் எடுத்திருந்தார்கள். 2009-ல் அது 58 சதவீதமாக விழுந்திருந்தது. வசதி குறைந்த நாட்டில்தான் இப்படி நடக்கும் என்று நினைப்போம். அங்கேயும் அதே கதைதான். கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்தவர்களை ஒப்பிட்டபோது, உள் கரண்ட் எடுத்தவர்களில் நாலு வருஷத்துக்குப் பிறகு இந்த நோயால் இறக்காமல் இருந்தவர்கள் 64 சதவீதம். எடுக்காதவர்களில் 52 சதவீதம்கூட இல்லை. நூறு பேரில் சுமார் பதின்மூன்று உயிர் வித்தியாசம்.

எம்.ஆர்.ஐ. பார்த்துக் கொடுத்தால்

முன்பெல்லாம் சாதாரண எக்ஸ்-ரே எடுத்து, எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கணக்கில் உள் கரண்ட் கொடுத்தார்கள். கட்டி எல்லாருக்கும் ஒரே வடிவத்தில் இருக்காதே! இப்போது குழாயை வைத்த பிறகு எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. எடுத்து, கட்டியின் வடிவத்துக்கு ஏற்றபடி கதிரை வளைத்துக் கொடுக்கிறார்கள். தையற்கடையில் அளவெடுத்துத் தைப்பதற்கும் ரெடிமேடுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

இதன் பலனைச் சொல்லும் பெரிய ஆய்வு ‘எம்ப்ரேஸ்’. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்காவில் உள்ள 24 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தின. மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் அதில் ஒன்று. 1,341 பெண்களின் முடிவுகள் 2021-ல் ‘லான்செட் ஆன்காலஜி’ இதழில் வந்தன. ஐந்து ஆண்டு முடிவில் 92 சதவீதம் பேருக்கு இடுப்புப் பகுதியில் கட்டி இருந்த இடத்தில் நோய் அடங்கியே இருந்தது. முற்றிய நிலையில் வந்தவர்களும் இதில் அடக்கம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. நோய் வேறு உறுப்புக்குப் பரவுவதை இது தடுத்துவிடாது, அதற்குத்தான் கீமோ. கதிர்வீச்சைத் தொடங்கும் முன்பே ஆறு வாரம் கீமோ கொடுத்தால் கூடுதல் பலன் உண்டு என்று ‘இன்டர்லேஸ்’ ஆய்வு 2024-ல் சொன்னது. அதில் இந்தியப் பெண்களும் இருந்தார்கள். யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார்.

உள்ளே என்ன நடக்கும்?

முதலில் முதுகில் ஊசி போட்டோ, மயக்க மருந்து கொடுத்தோ வலி தெரியாமல் செய்வார்கள். பிறகு கருப்பை வாய் வழியாக மெல்லிய குழாய்களை வைப்பார்கள். இந்த நேரத்தில் குழாயில் கதிர்வீச்சு எதுவும் இருக்காது. வெறும் குழாய்தான். ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் கணக்குப் போட நேரம் ஆகும். அன்றைய தினத்தில் மிகவும் சலிப்பான பகுதி இந்தக் காத்திருப்புதான். அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

கணக்கு முடிந்ததும் குழாயின் மறுமுனையை ஒரு பெட்டியோடு இணைப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் மெல்லிய கம்பியின் நுனியில், அரிசியைவிடச் சிறிய ‘இரிடியம்-192’ துணுக்கு இருக்கும். எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திய பிறகு கம்பி தானாக உள்ளே போய், குறித்த இடங்களில் குறித்த விநாடிகள் நின்று, திரும்பப் பெட்டிக்குள் வந்துவிடும். கேமரா வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கூப்பிட்டால் பேச மைக் உண்டு. பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து கால் மணி, இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மருத்துவமனையைப் பொறுத்து இரண்டு முதல் ஐந்து முறை வரை இப்படிச் செய்வார்கள்.

வார்டில் அடிக்கடி வரும் ஒரு கவலையை இங்கே சொல்லியாக வேண்டும். “அந்த அக்காவுக்கு எட்டு நிமிஷம், எனக்குப் பதினஞ்சு நிமிஷம். எனக்கு வியாதி ஜாஸ்தியோ?” அப்படி அர்த்தமில்லை. இரிடியத்தின் வலு சுமார் 74 நாளில் பாதியாகக் குறைந்துவிடும். புதுத் துணுக்கு போட்ட வாரத்தில் எட்டு நிமிடத்தில் முடிகிற அதே சிகிச்சைக்கு, இரண்டரை மாதம் கழித்துப் பதினாறு நிமிடம் ஆகும். உள்ளே போகும் அளவு ஒன்றுதான். அதனால்தான் மூன்று, நாலு மாதத்துக்கு ஒருமுறை துணுக்கை மாற்றுகிறார்கள். சில மருத்துவமனைகளில் கோபால்ட்-60 வைத்திருக்கிறார்கள். அதன் வலு பாதியாக ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை.

அடுத்த பயம் குழந்தைகளைப் பற்றியது. கம்பி பெட்டிக்குத் திரும்பிய அடுத்த நொடியே உங்கள் உடம்பில் கதிர்வீச்சு எதுவும் இல்லை. பேரக்குழந்தையைத் தூக்கலாம், கர்ப்பிணி மகள் பக்கத்தில் உட்காரலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின் மருந்து குடித்தவர்களைத் தனி அறையில் வைப்பது உண்டு. அந்த மருந்து கொஞ்ச நாள் உடம்பிலேயே தங்குவதால் அந்த ஏற்பாடு. இரண்டையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

பக்க விளைவே இல்லை என்று சொன்னால் அது பொய். சில நாள் லேசான ரத்தக்கசிவு, சிறுநீர் எரிச்சல், வயிற்றுப்போக்கு வரலாம். சிலருக்கு மாதங்கள் கழித்து மலத்தில் ரத்தம் தெரியலாம். பிறப்புறுப்புப் பாதை இறுகிப்போகவும் வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்க எளிய வழி இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள் என்கிற நிலை சில இடங்களில் உண்டு. கூச்சப்படாமல் நர்ஸிடம் கேளுங்கள்.

நம் ஊருக்கும் இதற்கும்

பாரிஸில் மேரி க்யூரியும் பியேர் க்யூரியும் 1898-ல் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். மூன்றே வருஷத்தில், 1901-ல், பியேர் கொடுத்த ரேடியத்தை அங்குள்ள செயின்ட் லூயி மருத்துவமனையில் தோல் நோய்க்கு வைத்துப் பார்த்தார்கள். உள் கரண்டின் தொடக்கம் அதுதான். பிரான்ஸில் இன்றைக்கும் இதை ‘க்யூரிதெரபி’ என்றே சொல்கிறார்கள். பிரான்ஸில் சிகிச்சை எடுத்துத் திரும்பும் நம் ஊர்க்காரர்களின் ஃபைலில் அந்த வார்த்தை இருந்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றே. ஜிப்மரின் வேரும் பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளிதான்.

தேதியைத் தவறவிடாமல் இருக்க

வெளி கரண்ட் தொடங்கிய நாளிலிருந்து உள் கரண்ட் முடியும் நாள் வரை மொத்தம் 8 வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் இருக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் அடங்கும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறைகிறது என்று முந்தைய ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. எனவே முதல் நாளே போன் காலண்டரில் 56-வது நாளைக் குறித்து, அலாரம் வையுங்கள். பொங்கலோ, மாசி மகமோ, வீட்டுக் கல்யாணமோ நடுவில் வந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாகத் தள்ளிப்போட வேண்டாம்.

பணத்துக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. உள் கதிர்வீச்சு அந்தப் பட்டியலில் தனியாகவே இருக்கிறது. ஆகவே வெளி கரண்டுக்கு அனுமதி வாங்கியதோடு விட்டுவிடாமல், இதற்கும் அனுமதி வாங்கியாச்சா என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். தகுதி இருக்கிறதா என்று ‘ஆயுஷ்மான்’ செயலியில் பார்க்கலாம், அல்லது 14555 எண்ணுக்குப் போன் செய்யலாம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள்.

ரயிலில் வந்து போகிறவர்களுக்கு இன்னொரு சலுகை. மருத்துவமனை கொடுக்கும் சான்றிதழைக் காட்டினால், புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை கிடைக்கும். துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம் குறையும். சான்றிதழை வெளி கரண்ட் நடக்கும்போதே வாங்கி வைத்தால், உள் கரண்டுக்கு வரும் நாளில் அலைய வேண்டாம்.