திறக்க மறுக்கும் கோப்பு

மாணவர்களே, டத்தோ கிராமாட்டில் எனக்குத் தெரிந்த அச்சகக்காரர் ஒருவர் பழைய கணினி ஒன்றை இன்னும் தூக்கிப் போடவில்லை. ஏன் தெரியுமா? அதில்தான் பேஜ்மேக்கர் ஓடுகிறது.

பேஜ்மேக்கர் 1985-இல் வெளிவந்த பக்க வடிவமைப்பு மென்பொருள். தமிழ் அச்சகங்கள் பலவற்றுக்கு அது கைப்பழக்கம். 2001-இல் வந்த 7.0 பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றது. அடோபி நிறுவனம் இன்டிசைனை முன்வைத்தது. இன்றைய இன்டிசைனோ பேஜ்மேக்கர் கோப்பைத் திறப்பதில்லை.

பழைய கணினியிலிருந்து எழுத்தை மட்டும் நகலெடுத்தால் என்ன? கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகச் சேமிக்கிறது. பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவும் ரோமன் எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். யூனிகோடில் ‘அ’வுக்கென்றே ஓர் எண் உண்டு: 2949. எந்தத் தமிழ் யூனிகோட் எழுத்துருவிலும் அது ‘அ’தான்.

“இருபது வருட உழைப்பு உள்ளே பூட்டிக் கிடக்கிறது, டீச்சர்” என்றார் அவர். உங்கள் இடுபணிகளுக்கு அந்த நிலை வேண்டாம். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பிடிஎஃப் நகல் ஒன்றும் எடுத்து வையுங்கள்.