பலாலியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

பலாலி விமான நிலையமும் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையமும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் அமைந்துள்ளன. எனவே இவற்றுக்கிடையிலான தூரத்தைக் கணிக்கப் பாடசாலைப் புவியியலே போதுமானது. பலாலி வட அகலக்கோடு 9.8 பாகையிலும் மீனம்பாக்கம் 13 பாகையிலும் உள்ளன. ஒரு பாகைக்கு 111 கிலோ மீற்றர் என்றால் 3.2 பாகைக்குச் சுமார் 355 கிலோ மீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதி வழியாகக் கொழும்பை அடையும் தூரம் இதனிலும் அதிகம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் அமைத்த தளமே பலாலி. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை ஊடாகவே சென்னைக்குப் பறந்தது. பின்னாளில் அத்தொடர்பு அற்றுப்போயிற்று. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்படும் வரை, சென்னை செல்ல வேண்டிய வடபுலத்தவர் முதலில் தெற்கே கட்டுநாயக்கவுக்கு வந்தாக வேண்டும். அங்கிருந்து சென்னை 645 கிலோ மீற்றர். வரைபடத்தில் அவ்விரு நிலையங்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் அது யாழ். குடாநாட்டின் மேலாகவே செல்லும். இரவு முழுவதும் பஸ்ஸில் தெற்கே வந்தவர், விட்டுவந்த ஊரை நோக்கியே மீண்டும் பறந்தார் என்பதே இதன் பொருள்.

இனி நேரம். இப்பாதையில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 சுழல்விசிறி விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோ மீற்றர். கணக்கின்படி 43 நிமிடங்கள் போதும். ஆயினும் நேரசூசி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகவே காட்டுகின்றது. விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரும் கணம் முதல் மறுமுனைத் தரிப்பிடத்தில் நிற்கும் கணம் வரையான நேரமே அதில் குறிக்கப்படுகின்றது. தரையில் ஊர்தல், மேலெழுதல், நெரிசல் மிக்க சென்னை வான்பரப்பில் இறங்குவதற்கு முறை காத்தல் யாவும் அதில் அடங்கும். கட்டுநாயக்கவிலிருந்து ஜெட் விமானம் ஏறத்தாழ இருமடங்கு தூரத்தைச் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கடப்பதும் இதனாலேயே. குறுந்தூரத்தில் வேகத்துக்குப் பெரிய மதிப்பில்லை. (இலங்கை நேரம் 2006 ஏப்ரல் முதல் இந்திய நேரத்துடன் ஒத்திருப்பதால் பயணச்சீட்டைப் பார்த்துக் குழம்பவும் இடமில்லை.)

சென்னைச் சேவை கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று 2022 டிசம்பரில் மீண்டது. 2025 மார்ச்சில் திருச்சிக்கும் சேவை ஆரம்பமானது. அத்தூரம் சுமார் 185 கிலோ மீற்றர் மாத்திரமே. கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி 420 கிலோ மீற்றர் அளவில் உள்ளது. நாகூர் தர்காவுக்குச் செல்லும் வடபகுதி முஸ்லிம்களுக்கும், திருச்சியைச் சூழ்ந்த ஆலயங்களை நாடும் இந்துக்களுக்கும் இவ்வேறுபாடு சிறிதன்று. கிழக்கு மாகாணத்தவருக்கோ கட்டுநாயக்கவும் தொலைவு, பலாலியும் தொலைவு.

பெரிய ஜெட் விமானங்கள் இறங்க ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை அடிக்கடி எழுகின்றது. சென்னைப் பயணத்தில் அதனால் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் மீதமாகாது. வளைகுடா நாடுகளுக்கு நேரடியாகப் பறப்பதே நோக்கமெனில் அவ்வாதத்துக்கு வலுவுண்டு. ஆனால், ஓடுபாதையைச் சூழ்ந்திருப்பது வலிகாமம் வடக்கு. 1990 இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களுள் தம் காணிகளை இன்னமும் மீளப் பெறாதோர் உள்ளனர். நீட்டுவது எவருடைய நிலத்தில் என்பதை முதலில் கூற வேண்டும்.