படம் எடுத்தாகிவிட்டது, பட்டியல் எங்கே?

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவியைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் ஏற்காட்டில் குடியேறிய அவர் செய்த இன்னொரு வேலைக்கு அந்தப் புகழில் பாதிகூடக் கிடைக்கவில்லை. தென்னிந்தியாவெங்கும் அலைந்து சேர்த்த கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் எண்ணிட்டு, எது எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் பட்டியலிட்டார். சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. 1912இல் அவர் இறந்த பிறகு, பட்டியல் 1914இல் ஒரு நூலாகவும், அப்பொருள்களின் காலம், பரவல் பற்றிய அவருடைய கருத்துகள் 1916இல் இன்னொரு நூலாகவும் வெளிவந்தன. இந்தப் பிரிவினையை நான் பெரிதாக மதிக்கிறேன். காலம் பற்றிய அவருடைய முடிவுகளில் சிலவற்றைப் பிற்கால ஆய்வு மாற்றலாம்; கல் கிடைத்த இடத்தைச் சொல்லும் வரி அதனால் பழுதாவதில்லை. அந்த வரி இல்லாவிட்டால் அருங்காட்சியகத்தில் இருப்பது வெறும் கல்தான்.

இன்று நாம் மெட்டாடேட்டா என்று சொல்வது இந்த வரியைத்தான். கோப்பு எங்கிருந்து வந்தது, யார் உருவாக்கியது, எப்போது, எதைப் பற்றியது என்ற கேள்விகளுக்கான விடைகளை நூலகர்கள் கணினிக்கு வெகுகாலம் முன்பே அட்டைகளில் எழுதிப் பழகிவிட்டார்கள். 1995இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடியவர்கள் தொடங்கி வைத்த ‘டப்ளின் கோர்’ முறையின் 15 புலங்களைப் பார்த்தால், நூலக அட்டையின் சாயல் உடனே தெரியும். ஆனால் நம் மின்மயமாக்கும் பணிகளில் இந்த உறவு அறுந்துபோனதுண்டு. ‘டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா’ திட்டத்தில் ஸ்கேன் ஆன தமிழ் நூல்களில் பலவற்றின் தலைப்பும் ஆசிரியர் பெயரும் ஆங்கில எழுத்தில் தாறுமாறாகப் பதிவாகியிருக்கின்றன. நூல் இருக்கிறது, பக்கங்களும் தெளிவாக இருக்கின்றன. தேடுகிறவர் கைக்கு மட்டும் அது வந்து சேர்வதில்லை.

முழு உரையையும் கணினியே தேடித் தரும்போது பட்டியல் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அச்சு தெளிவான அண்மைக்கால நூல்களுக்கு ஓரளவு பொருந்தவும் செய்யும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு அதைப் பொருத்திப் பாருங்கள். இந்த மலையே ஆங்கில ஆவணங்களில் ‘ஷெவராய்’ ஆகிவிட்டது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்ற பழைய பிரிவுகளின் கீழ் குறிக்கப்பட்டன. ‘ஏற்காடு’ என்று மட்டும் தேடுகிறவருக்கு, மோகநாடு என்று எழுதிய ஒரு நிலப் பத்திரம் வரவே வராது. மாவட்டப் பெயரோ இன்னும் சிக்கலானது. லெ ஃபானு எழுதி 1883இல் வெளியான சேலம் மாவட்டக் கையேட்டில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம்தான். 1965இல் தருமபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல் பிரிந்தது, 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அன்றைய ஆவணத்திலும் இன்றைய ஆவணத்திலும் ‘சேலம் மாவட்டம்’ என்றே இருக்கும். அவை குறிக்கும் நிலப்பரப்பு வேறு. உரைத் தேடல் எழுத்தைத்தான் ஒப்பிடும், எல்லைக்கோட்டை அறியாது. ஒரு பெயரைத் தலைமைப் பெயராக வைத்து, மற்றவற்றிலிருந்து ‘காண்க’ என்று அங்கே அனுப்புவது பட்டியலாளரின் பழைய வழக்கம். கணினியில் அதைச் செய்வது அட்டையைவிட எளிது. ஆனால் யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும்.

உரையே இல்லாத ஆவணங்களும் இருக்கின்றன. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் ஏற்காட்டில் இயங்குகிறது. அதுபோன்ற நிறுவனங்களின் தாவரவியலாளர் ஒரு செடியை உலர்த்தித் தாளில் ஒட்டும்போது, தாளின் மூலையில் சிறு சீட்டு ஒன்றையும் ஒட்டுகிறார்: சேகரித்தவர், சேகரிப்பு எண், நாள், இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம். செடியின் படத்தை எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும், அது எந்தச் சரிவில் நின்றது என்பது இலையில் எழுதியிருக்காது. இந்த மலைக்கே உரிய ஒரு சிறுமரத்துக்குத் தாவரவியலாளர் கேம்பிள் சூட்டிய பெயர் வெர்னோனியா ஷெவராயென்சிஸ். இப்போது அதை மோனோசிஸ் ஷெவராயென்சிஸ் என்கிறார்கள். பழைய சீட்டையும் புதிய ஆய்வையும் சேர்த்துக் கட்டும் குறிப்பு இல்லாவிட்டால், ஒரே மரம் கணினியில் இரண்டு மரமாகிவிடும். அருகிவரும் இனங்களைக் கணக்கெடுக்கிறவருக்கு இது சின்னப் பிழை அல்ல. இத்தகைய தாவர, விலங்குப் பதிவுகளுக்கான ‘டார்வின் கோர்’ தரமும் டப்ளின் கோரை ஒட்டித்தான் வடிவமைக்கப்பட்டது.

இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த வாதம். படத்தில் இருப்பதை அது வாசிக்கும், வகைப்படுத்தவும் உதவும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு காபித் தோட்டத்தின் கணக்கேடு எந்த வீட்டுப் பெட்டியிலிருந்து வந்தது, அதன் முதல் பக்கங்கள் கிழிந்தது எப்போது என்பதெல்லாம் படத்தில் இல்லாத செய்திகள். கொடுத்தவரிடம் அன்றே கேட்டு எழுதாவிட்டால், அடுத்த தலைமுறை அதை ஊகிக்கத்தான் முடியும். ஊகத்தை உண்மைப் புலத்தில் எழுதி வைப்பது, எழுதாமல் விடுவதைவிடக் கெடுதல். ஊகித்ததை ஊகம் என்றே தனிப் புலத்தில் குறிக்கலாம். கண்டதையும் கருதியதையும் ஃபூட்டின் இரண்டு நூல்கள் அப்படித்தான் பிரித்து வைத்தன. இப்படிப் பிரித்துக் குறிப்பது நமக்குப் புதிதல்ல: சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் ரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். ஒரு நூலின் பொருளை அலசும்போது இடத்தையும் காலத்தையும் தனித்தனிக் கூறுகளாக எடுக்கச் சொன்ன மரபு அவருடையது. அதைக் கற்ற நூலகர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

செலவாகும் என்பது உண்மைதான். பக்க எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பணியை அளந்தால், பட்டியல் எப்போதும் பின்னால் தள்ளிப்போடும் வேலையாகவே இருக்கும். எல்லா ஆவணத்துக்கும் டப்ளின் கோரின் 15 புலங்களையும் நிரப்ப வேண்டியதில்லை. வந்த வழி, இடத்தின் அன்றைய பெயரும் இன்றைய பெயரும், தேதி, எழுதியவர், இப்போது வைத்திருப்பவர் என்ற ஐந்தையாவது ஸ்கேன் செய்யும் அன்றே எழுதலாம். பழைய நாட்டுப் பெயர் இன்று எந்தக் கிராமத்தைக் குறிக்கும் என்பதை மலைக் கிராமத்துப் பெரியவர்களிடம் கேட்டால் தெரியும். அவர்களோடு ஒரு நூலகர் உட்கார்ந்து எழுதுவதற்கான சம்பளம், ஸ்கேனர் வாங்கும் செலவுக்குப் பக்கத்து வரியிலேயே திட்ட அறிக்கையில் இடம்பெற வேண்டும்.