மகனுக்கு அளித்த வாக்கு

1985-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள். அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத்து ஜான்சன் நகரில் இரு கல்லூரி அணிகள் பொருதிக்கொண்டிருந்தன. சிட்டடெல் என்னும் இராணுவக் கல்லூரியின் சார்பில் ஆடிய பத்தொன்பது வயது மார்க் புவோனிகாண்டி, பந்தை ஏந்தி ஓடிய எதிரணி வீரரைத் தடுக்கப் பாய்ந்தான். பாய்ந்தவன் எழவில்லை. கழுத்தில் தண்டுவடம் சிதைந்து, அதற்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப் போயின. தானே மூச்சு விடவும் இயலாமல் இயந்திரத்தின் துணையால் உயிர் தரித்தான்.

அம்மகன் ஆடிய அதே இடத்தில் நின்று ஆடிப் புகழ் பெற்றவர் அவனுடைய தந்தை நிக் புவோனிகாண்டி. இவ்விருவரின் வரலாற்றையே இத்திங்கள் நம் குடும்பங்களின் முன் வைக்கின்றோம்.

கால்பந்து என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் ஆட்டம் வேறு. அமெரிக்கர் அப்பெயரால் அழைக்கும் ஆட்டம் வேறு. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிந்து பிடிப்பதும், எதிரியை உடலால் மோதி வீழ்த்துவதுமே அங்கு முதன்மையானவை. அணிக்குப் பதினொருவர். தற்காக்கும் அணியின் முன்வரிசைக்குச் சற்றுப் பின்னே நிற்பவரை 'லைன்பேக்கர்' என்பர். எதிரணியின் நோக்கத்தை நொடிப்பொழுதில் உய்த்துணர்ந்து, பந்து செல்லும் திசையில் பாய்ந்து தடுப்பது அவர் கடமை. ஆகவே ஆட்டத்திற்கு ஆட்டம், ஆண்டுக்கு ஆண்டு, அவர் தலை வாங்கும் அடிகளுக்குக் கணக்கில்லை.

நிக் 1940 டிசம்பர் 15 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ரொட்டிக்கடை நடத்திய இத்தாலிய வமிசக் குடும்பமொன்றில் பிறந்தார். கத்தோலிக்கப் பள்ளியில் பயின்று, திருச்சிலுவைத் துறவற சபையார் நிறுவிய நோத்ர தாம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அங்கே அணித்தலைவராகவும் விளங்கினார். ஆயினும் உயரம் 5 அடி 11 அங்குலமே. இவ்வளவு சிறிய உருவம் தொழில்முறை ஆட்டத்திற்கு உதவாது என்று பெரிய சங்கத்தின் அணிகள் அனைத்தும் அவரை ஒதுக்கின. 1962-இல் போட்டிச் சங்கமொன்றைச் சேர்ந்த பாஸ்டன் பேட்ரியட்ஸ் அணி, பதின்மூன்றாம் சுற்றில், போனால் போகிறதென்று எடுத்துக்கொண்டது போல் அவரை எடுத்துக்கொண்டது. பகலில் ஆட்டம், இரவில் சட்டக் கல்லூரி என உழைத்து 1968-இல் வழக்கறிஞர் பட்டமும் பெற்றார். உருவத்தைக் கண்டு மனிதனை அளந்தவர்களுக்கு இதைவிடத் தக்க விடை வேறு வேண்டுமோ!

1969-இல் மயாமி டால்ஃபின்ஸ் அணிக்கு மாறினார். அவ்வணியின் தற்காப்பு வீரர்களுள் நாடறிந்த பெயர் எவருக்கும் இல்லாமையால் 'பெயரற்ற தற்காப்பு' என்றே அவர்களைச் சுட்டினர். அப்பெயரற்றவர்களின் நடுநாயகம் நம் நிக். 1972-ஆம் பருவத்தில் அவ்வணி 17 ஆட்டங்கள் ஆடி 17-லும் வென்றது. 1973 சனவரியில் நடந்த இறுதிப் போட்டியில் வாஷிங்டன் அணியை 14-7 எனத் தோற்கடித்தபோது, எதிரணி எறிந்த பந்தொன்றை இடைமறித்துப் பற்றி வெற்றிக்கு வழி கோலியவரும் அவரே. 1976-இல் ஓய்வு பெற்றார்.

பின்னர் வழக்கறிஞர், தொலைக்காட்சி விமரிசகர், பெரிய நிறுவனமொன்றின் தலைவர் என அவர் ஏறிய படிகள் பல. அவற்றுள் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. அந்நிறுவனம் விற்றது வாயில் அடக்கும் புகையிலை. அதன் தீமை மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1980-களில் தொலைக்காட்சியில் வாதாடியவரும் இதே நிக்தான். மகனுக்காகப் பின்னாளில் அவர் செய்தவற்றைப் போற்றும் நாமும் இதனைப் போற்ற இயலாது.

மகனின் படுக்கையருகே நின்ற தந்தை, 'உன்னை மீண்டும் நடக்க வைக்க என்னால் இயன்ற அனைத்தையும் செய்வேன்' என்று வாக்களித்தார். தண்டுவடம் அறுந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றே மருத்துவ உலகம் எண்ணியிருந்த காலம் அது. அவ்வாண்டே, மூளை நரம்பு அறுவை வல்லுநர் பார்த் கிரீன் அவர்களுடன் இணைந்து, வாத நோய்க்குத் தீர்வு காணும் ஆராய்ச்சி நிலையமொன்றை மயாமிப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார். தம் புகழையும் நட்பையும் உண்டியலாக்கி ஊர் ஊராய் நிதி திரட்டினார். நோயாளியின் காலிலிருந்து எடுத்த நரம்பின் ஷ்வான் செல்களைத் தண்டுவடத்தில் செலுத்திச் சோதிக்க 2012-இல் அந்நிலையம் அரசின் அனுமதி பெற்றது. மார்க்கோ இயந்திரமின்றி மூச்சு விடக் கற்று, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அப்பணியில் தந்தைக்குத் தோள் கொடுத்தார்.

2001-இல் ஆட்ட வீரர்களின் புகழ் மன்றத்தில் நிக் சேர்க்கப்பட்டபோது, மேடையில் அவரை அறிமுகம் செய்தவர் மார்க்கே. தம் மகன் மீண்டும் நடப்பானாயின் இப்பெருமைகள் அனைத்தையும் தந்துவிடுவேன் என்ற பொருள்படத் தந்தை பேசினார். அரங்கில் கண் கலங்காதவர் அரிது.

ஆட்டம் மகனிடம் ஒரே நொடியில் பறித்ததைத் தந்தையிடம் மெல்ல மெல்லப் பறித்தது. முதுமையில் நிக்குக்குக் கழுத்துப்பட்டை முடியத் தெரியவில்லை. குளித்தபின் முதுகைத் துடைக்கத் தெரியவில்லை. படியில் தடுமாறி விழுந்தார். மீண்டும் மீண்டும் தலையில் படும் அடிகளால் மூளை சிதையும் நோயொன்று உண்டு. இறந்தபின் மூளையை ஆய்ந்தே அதனை உறுதி செய்ய முடியும். ஆகவே 2017 நவம்பரில், தம் மூளையை ஆராய்ச்சிக்கு அளிப்பதாக அவர் உயிரோடிருக்கும்போதே அறிவித்தார்.

2018 சனவரியில் வேறு இரு முன்னாள் வீரர்களுடன் சேர்ந்து பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோளும் விடுத்தார். பதினான்கு வயது நிரம்புமுன் பிள்ளைகளை மோதி வீழ்த்தும் இவ்வாட்டத்திற்கு அனுப்பாதீர்கள். இடுப்பில் செருகிய துணிக்கொடியைப் பறித்தால் போதும் என்னும் மெல்லிய வகையையே ஆடவிடுங்கள் என்பது அது. அவரே சிறு பிள்ளையாய் இருந்தபோது மோதத் தொடங்கியவர்.

2019 சூலை 30-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்துப் பிரிட்ஜ்ஹாம்டன் என்னும் ஊரில், 78-ஆம் வயதில் நிக் புவோனிகாண்டி காலமானார். மார்க் அதுவரை நடக்கவில்லை. தந்தை மறைந்த பின்னரும் அந்நிலையத்தின் பணியைச் சக்கர நாற்காலியில் இருந்தே நடத்தினார்.